ட்ரெய்லர் இழுக்க எந்த பிக்கப்? ஓட்டுநர் கதவைத் திறந்து பாருங்கள்

டெக்சாஸுக்கு வந்த புதிதில் பிக்கப் ட்ரக் வைத்திருப்பவர்களைப் பார்த்துச் சிரித்தவன் நான். இப்போது வீட்டு வாசலில் ஒன்று நிற்கிறது, பின்னால் 25 அடி ட்ரெய்லர். கோடை வந்தால் நண்பர்கள் வட்டத்தில் யாராவது ஒருவர் கேம்பிங் ட்ரெய்லரோ படகோ வாங்கப் போவதாகச் சொல்லி போன் செய்வார். கேட்பவர் மாறுவார், ‘இதை இழுக்க எந்த பிக்கப் வாங்கலாம்?’ என்ற கேள்வி மாறாது. ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேசுவதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சாலைகளையும் அமெரிக்க வண்டிகளையும் வைத்துத்தான்.

விளம்பரத்தில் 11,000 பவுண்ட் இழுக்கும் என்று போட்டிருக்கிறார்கள். என் ட்ரெய்லர் 7,500 பவுண்ட்தான். பிறகு என்ன கவலை?

கவலையே அந்த 11,000-இல்தான் இருக்கிறது. அந்த எண் பொய் இல்லை. வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.இ.-யின் ஜே2807 என்ற சோதனை முறை 2008-இல் வந்தது. டொயோட்டா 2011 டன்ட்ராவில் முதலில் ஏற்றுக்கொண்டது. மற்ற பெரிய கம்பெனிகள் 2015 மாடல் வாக்கில் வந்து சேர்ந்தன. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கட்டுப் பக்கம் 11 மைலுக்கு மேல் நீளும் ஒரு மலை ஏற்றம்தான் அதற்கு அளவுகோல். ஏ.சி.யை முழு வேகத்தில் ஓடவிட்டு, கொளுத்தும் வெயிலில், 40 மைல் வேகத்துக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். நல்ல சோதனைதான்.

ஆனால் அந்தச் சோதனையில் ட்ரக்குக்குள் உட்கார்ந்திருப்பது இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்ட். பின்னால் இருக்கும் திறந்த தொட்டியில், அதாவது பெட்டில், சாமான் ஏதும் இல்லை. ட்ரெய்லர் ட்ரக்கின் மேல் அழுத்தும் எடையும் குறைந்தபட்சமான 10 சதவீதம்தான். நம் வீட்டுக் கணக்கு அப்படியா? நாலு பேர், கூலர், அடுப்பு, பிள்ளைகளின் சைக்கிள், இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அம்மா. இழுக்கும் சக்தி மிச்சம் இருக்கும்போதே சுமக்கும் சக்தி தீர்ந்துவிடும். பத்தில் எட்டுப் பேர் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான் என்பது என் அனுபவம்.

அதனால் விலைப்பட்டியலைப் பார்க்கும் முன் ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கரைப் படியுங்கள். ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட். ஓட்டுபவரின் எடையும் அதற்குள் அடக்கம். ஒரே மாடல், ஒரே நிறம், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு வண்டிகளுக்கு இந்த எண் 300 பவுண்ட் வித்தியாசப்படும். ஒன்றில் பெரிய கண்ணாடிக் கூரை இருக்கும், மற்றதில் இருக்காது.

ட்ரெய்லரின் எடை எது? விற்பவர் 5,800 என்கிறார், ஸ்டிக்கரில் 7,500 என்று இருக்கிறது.

5,800 என்பது தொழிற்சாலையிலிருந்து வெறுமையாக வந்தபோது இருந்த எடை. பேட்டரி, கேஸ் சிலிண்டர், தண்ணீர், பாத்திரம், படுக்கை எதுவும் அதில் இல்லை. தண்ணீர் மட்டும் ஒரு கேலனுக்கு 8.3 பவுண்ட், 40 கேலன் டேங்க் நிரம்பினால் 330 பவுண்ட். பெண் பார்க்கப் போன இடத்தில் காட்டிய போட்டோ மாதிரிதான் வெறும் எடை. குடித்தனம் நடத்துவது 7,500-க்குப் பக்கத்தில். கணக்கை எப்போதும் அந்த மொத்த எடை வரம்பில், அதாவது ஜி.வி.டபிள்யூ.ஆர். என்ற எண்ணில் போடுங்கள்.

டங் வெயிட் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அது என்ன?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றுவதைப் பார்த்திருந்தால் இதைச் சொல்லித்தரவே வேண்டாம். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாடு காலூன்ற முடியாமல் தடுமாறும். வண்டிக்காரர் மூட்டைகளை முன்னும் பின்னும் நகர்த்தி, கொஞ்சம் முன்பாரமாக வைத்துத்தான் கிளம்புவார். ட்ரெய்லருக்கும் அதே நியாயம். ட்ரக்கோடு ட்ரெய்லரை இணைக்கும் கொக்கிதான் ஹிட்ச். ட்ரெய்லரின் முன்மூக்கு அந்த ஹிட்ச் பந்தின் மேல் அழுத்தும் எடைதான் டங் வெயிட். ட்ரக்கின் பின்னால் மாட்டும் சாதாரண ட்ரெய்லருக்கு அது மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். பெட்டின் நடுவில் மாட்டும் ஃபிஃப்த் வீல் வகை ட்ரெய்லருக்கு 15 முதல் 25 வரை.

இதைக் குறைத்தால் ட்ரக்குக்குச் சுகம் என்று நினைத்து நான் ஒருமுறை பட்டிருக்கிறேன். பின்பக்கத் தண்ணீர் டேங்க் நிறையத் தண்ணீர், பின் பம்பரில் நாலு சைக்கிள். டாலஸிலிருந்து ஹூஸ்டன் போகும் ஐ-45 சாலையில் ஒரு பெரிய லாரி என்னைத் தாண்டிப் போன காற்றில் ட்ரெய்லர் வாலை ஆட்ட ஆரம்பித்தது. முதலில் மெல்ல, மூன்றாவது ஆட்டத்தில் ட்ரக்கையே இடமும் வலமும் இழுத்தது. கால் தானாக பிரேக்குக்குப் போகும், போகக்கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டாஷ்போர்டில் இருக்கும் ட்ரெய்லர் பிரேக் பொத்தானை மட்டும் கையால் அழுத்த வேண்டும். பின்னால் பிடித்தால் ட்ரெய்லர் நிமிரும். அன்றைக்கு நிமிர்ந்தது. அடுத்த நிறுத்தத்தில் சைக்கிள்களை ட்ரக்கின் பெட்டுக்கு மாற்றினேன், டேங்கைத் திறந்துவிட்டேன். மனைவி ஹூஸ்டன் வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுங்களேன்.

ட்ரெய்லர் 7,500 பவுண்ட், டங் வெயிட் 13 சதவீதம் என்றால் 975. எடையைப் பங்கிட்டுக் கொடுக்கும் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் தானே ஒரு 100 பவுண்ட் இருக்கும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா ஐவரும் சேர்ந்து 650. பெட்டில் ஜெனரேட்டர், கூலர், விறகு, அரிசிப் பை, குக்கர் என்று 200. கூட்டினால் 1,925.

நன்றாக அலங்கரித்த ஒரு அரை டன் ட்ரக்கின் கதவு ஸ்டிக்கரில் 1,520 என்று இருந்தால்? விளம்பர எண்ணுக்குள் 3,500 பவுண்ட் மிச்சம், கதவு ஸ்டிக்கரின்படி 405 பவுண்ட் மீறல். டோயிங் வரம்பை, அதாவது இழுக்கும் வரம்பை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்ச் மாட்டினால் அழுத்தத்தில் ஒரு பங்கு முன் ஆக்சிலுக்கும் ட்ரெய்லர் ஆக்சிலுக்கும் போகும் என்பது உண்மைதான். ஆனால் 400 பவுண்ட் மீறலை அது துடைத்துவிடாது.

அப்படியானால் அரை டன்னா, முக்கால் டன்னா, ஒரு டன்னா?

முதலில் ஒன்று: இந்தப் பெயர்களுக்கும் இன்றைய எடைக்கும் சம்பந்தம் இல்லை. பழைய காலத்துப் பெயர், ஒட்டிக்கொண்டுவிட்டது. அரை டன் என்றால் ஃபோர்டு எஃப்-150, ராம் 1500, செவர்லே சில்வராடோ 1500, டன்ட்ரா. முக்கால் டன் என்றால் எஃப்-250, 2500. ஒரு டன் என்றால் எஃப்-350, 3500.

என் தீர்ப்பு இது: ட்ரெய்லரின் மொத்த எடை வரம்பு 6,000 பவுண்டுக்குள் என்றால் அரை டன் தாராளம். 6,000 முதல் 7,500 வரை என்றால் அரை டன்னிலேயே பேலோட் அதிகமுள்ள வண்டியைத் தேடி எடுக்க வேண்டும். அதற்கு மேல் போனால், குடும்பத்தோடு போகிறவர்கள் முக்கால் டன் வாங்குவது நல்லது. ஃபிஃப்த் வீல் என்றால் பேச்சே வேண்டாம். 12,000 பவுண்ட் ஃபிஃப்த் வீலின் அழுத்தம் 20 சதவீதக் கணக்கில் 2,400.

இதில் ஒரு பொறி உண்டு. முக்கால் டன்னில் டீசல் எஞ்சின் எடுத்தால் எஞ்சினே பல நூறு பவுண்ட் அதிகம். ஆனால் அந்த வகை வண்டிகள் பலவற்றில் மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கும். ஆக எஞ்சின் பெரிதானால் பேலோட் சுருங்கும். எஃப்-250 டீசலுக்கு ஆசைப்படுகிறவர்கள் பக்கத்திலேயே நிற்கும் எஃப்-350-இன் விலையையும் கேளுங்கள். வித்தியாசம் பெரிதாக இருக்காது, பேலோட் வித்தியாசம் பெரிது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், பார்க்கிங்கிலும் அதே இடம்தான் பிடிக்கும்.

உயர்ந்த ட்ரிம், அதாவது சொகுசு வசதிகள் கூடிய வகை எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் ஒவ்வொரு சொகுசுக்கும் ஒரு எடை உண்டு. கண்ணாடிக் கூரை, மோட்டார் வைத்த சீட், தானே இறங்கும் படிக்கட்டு, பெரிய சக்கரம் எல்லாம் பேலோடிலிருந்துதான் கழியும். 2021 எஃப்-150-க்கு அதிகபட்சப் பேலோட் 3,325 பவுண்ட் என்று ஃபோர்டு விளம்பரம் செய்தது. அது அலங்காரமில்லாத, வேலைக்கு என்றே கட்டிய ஒரு வண்டிக்கு. அதே எஃப்-150-இன் உயர் ட்ரிம்களில் அதில் பாதிகூடத் தேறாது. பாலைவனத்தில் பாய்வதற்கென்று செய்த ராப்டர் 8,200 பவுண்டுக்கு மேல் இழுக்காது. விலையோ எல்லாவற்றையும்விட உயரம்.

ஒரு டீலரிடம் நான் கதவு ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னபோது, “அது டயருக்கான ஸ்டிக்கர் சார், டோயிங்குக்குச் சம்பந்தமில்லை” என்று பதில் வந்தது. டயருக்கானதும்தான். அங்கே வாங்கவில்லை.

கேப், பெட் நீளம்?

கேப் என்பது ஆட்கள் உட்காரும் பகுதி. பிள்ளைகள் இருந்தால் நாலு கதவுள்ள க்ரூ கேப், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெட் நீளத்தில்தான் யோசனை. எஃப்-150 க்ரூ கேப்பில் ஐந்தரை அடி பெட் எடுத்தால் முன்-பின் சக்கர இடைவெளி 145 அங்குலம், ஆறரை அடி பெட் எடுத்தால் 157. இந்த 12 அங்குலம் நெடுஞ்சாலையில் பேசும். வண்டி நீளமானால் ட்ரெய்லர் வாலாட்டும்போது ட்ரக் அசையாமல் நிற்கும். கடையில் பெரும்பாலும் ஐந்தரை அடிதான் நிற்கும், ஆறரையை ஆர்டர் செய்து காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். காஸ்ட்கோ பார்க்கிங்கில் திட்டிக்கொள்கிறேன், சாலையில் வாழ்த்துகிறேன். வாங்குமுன் கராஜை அளந்துவிடுங்கள்.

ஃபிஃப்த் வீலுக்கு ஐந்தரை அடி பெட் சங்கடம். திரும்பும்போது ட்ரெய்லரின் மூக்கு கேப்பின் பின்கண்ணாடியில் இடிக்காமல் இருக்க, பின்னால் நகர்ந்து கொடுக்கும் தனி ஹிட்ச் வாங்க வேண்டிவரும்.

எஞ்சின்? எட்டு சிலிண்டர் வி8 இல்லாமல் இழுக்க முடியுமா?

முடியும். இந்தச் சந்தேகம் பழைய காலத்தது. ஃபோர்டின் 3.5 லிட்டர் எக்கோபூஸ்ட் டர்போ வி6 எஞ்சின் 500 பவுண்ட்-அடி டார்க், அதாவது சுழற்றும் விசை தருகிறது. டன்ட்ரா 2022 முதல் வி8-ஐக் கைவிட்டு இரட்டை டர்போ வி6-க்கு மாறிவிட்டது. இழுவையில் குதிரைத்திறனைவிட டார்க் முக்கியம். அதுவும் குறைந்த சுழற்சியிலேயே கிடைக்கும் டார்க்.

டர்போவுக்கு இன்னொரு வரம் உயரத்தில் தெரியும். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் சக்தி இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசனோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே. அங்கே டர்போ இல்லாத வி8 மூன்றில் ஒரு பங்கு சக்தியைப் பறிகொடுத்துவிட்டு மூச்சு வாங்கும். கோடையில் கொலராடோ போகிற டெக்சாஸ்காரர்கள் இதை மறக்க வேண்டாம். அதற்காக வி8 மோசம் என்று சொல்லவில்லை. சமவெளியிலேயே ஓட்டுகிறவர்களுக்கு அதன் எளிமை பிடிக்கும், ட்ரெய்லர் மாட்டியபோது பெட்ரோல் குடிப்பதில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை.

டீசல் விஷயம் வேறு. கனரக ட்ரக்கில் டீசலுக்கு ஏறக்குறைய 10,000 டாலர் கூடுதல். ஏறும்போது சுகம் என்று எல்லோரும் சொல்வார்கள், எனக்கு இறங்கும்போதுதான் அதன் அருமை தெரிகிறது. எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்று உண்டு. நீண்ட மலை இறக்கத்தில் காலை பிரேக்கில் வைக்காமலேயே வண்டியைப் பிடித்து வைக்கும், பிரேக் சூடேறாது. மாதத்துக்கு இரண்டு முறை மலைப்பக்கம் 10,000 பவுண்ட் இழுப்பவருக்கு நியாயமான செலவு. வருடத்துக்கு மூன்று முறை ஏரிக்கரைக்குப் போகிறவருக்குத் தேவையில்லை.

3.31, 3.55, 3.73 என்று ஆக்சில் ரேஷியோ போடுகிறார்களே?

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற எஞ்சினிலிருந்து வரும் தண்டு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதுதான் அந்த எண். சைக்கிளில் மேடு ஏற கியர் குறைப்பது போல, எண் பெரிதானால் இழுவை சுலபம், மைலேஜ் சற்றுக் குறையும். ஹெமி என்ற வி8 எஞ்சின் போட்ட ராம் 1500-இல் 3.21 ஆக்சிலுக்கும் 3.92-க்கும் டோயிங் வரம்பு 2,000 பவுண்டுக்கு மேல் மாறும். இப்போது 10 கியர் வந்துவிட்டதால் வண்டி ஓட்டும்போது முன்னைப் போல் வித்தியாசம் உறைக்காது. ஆனாலும் வரம்பு வரம்புதான். வாங்கிய பிறகு மாற்றுவது பெரிய செலவு.

டோ பேக்கேஜ் இல்லாத வண்டி மலிவாகக் கிடைக்கிறது. ஹிட்ச் பிறகு போட்டுக்கொள்ளலாமா?

வேண்டாம். ஹிட்ச் இரும்பு மட்டும்தான் பேக்கேஜ் என்றால் போடலாம். ஆனால் அதோடு வருவது பெரிய ரேடியேட்டர், கியர் ஆயிலுக்குக் கூலர், சில வண்டிகளில் வேறு ஆக்சில், ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர், ஏழு முனை வயர் சாக்கெட். இவற்றை வெளியே போட்டு முடிப்பதற்குள் மிச்சம் பிடித்த காசு போய்விடும். கம்பெனி கொடுக்கும் டோயிங் வரம்பும் கூடாது. செவர்லே போன்ற ஜி.எம். வண்டி என்றால் என்.எச்.டி. (NHT) என்ற மூன்றெழுத்துக் குறியைத் தேடுங்கள், அதுதான் அவர்களுடைய உயர்ந்த ட்ரெய்லரிங் பேக்கேஜ்.

ஹிட்சைச் செருகும் ரிசீவரின் மேல் ஒரு சிறு ஸ்டிக்கர் இருக்கும், அதையும் படியுங்கள். வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் இல்லாமல் ஒரு அளவு, அதோடு இன்னொரு அளவு என்று இரண்டு எண் போட்டிருக்கும். முதலாவது பெரும்பாலும் நாம் நினைப்பதைவிடச் சிறியது.

4x4 தேவையா?

சாலையில் இழுக்கத் தேவையில்லை. 4x4 ஒரு 200 பவுண்ட் எடையையும் சேர்த்துக்கொண்டு வரும். படகு வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். பாசி பிடித்த சரிவில் பின்சக்கரம் வழுக்கி, ஏரிக்கரையில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க நிற்கும்போது அதன் மதிப்பு புரியும்.

எலக்ட்ரிக் பிக்கப்?

இழுக்கும், மிக நன்றாகவே இழுக்கும். எஃப்-150 லைட்னிங் பொருத்தமான பேக்கேஜோடு 10,000 பவுண்ட் வரை. ஆனால் உயரமான ட்ரெய்லரை மாட்டினால் ஓடும் தூரம் ஏறக்குறையப் பாதியாகும், 320 மைல் 160 ஆகும். சார்ஜிங் நிலையங்கள் பலவற்றில் ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். உள்ளூரில் படகு இழுக்கச் சரி.

சின்ன ட்ரக்கே போதுமா?

பலருக்குப் போதும். ஃபோர்டு மேவரிக் 2,000 பவுண்ட், டோ பேக்கேஜோடு 4,000. ஹோண்டா ரிட்ஜ்லைன் 5,000, ரேஞ்சர் 7,500. தோட்டக் குப்பை ஏற்றும் ட்ரெய்லர், ஜெட்ஸ்கி, சின்ன படகு என்றால் இவை போதும். ஆனால் கார் ஏற்றும் வாடகை ட்ரெய்லரை மேவரிக்கிலோ ரிட்ஜ்லைனிலோ மாட்டலாம் என்று நினைக்காதீர்கள். யு-ஹாலின் ஆட்டோ டிரான்ஸ்போர்ட் ட்ரெய்லர் வெறும் எடையிலேயே 2,000 பவுண்டைத் தாண்டும். அதன்மேல் ஒரு கேம்ரியை ஏற்றிப் பாருங்கள்.

ட்ரெய்லரில் பிரேக் கட்டாயமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் 4,500 பவுண்டுக்கு மேல் கட்டாயம், கலிபோர்னியாவில் 1,500-லேயே. கலிபோர்னியாவில் ட்ரெய்லர் இழுக்கும் வண்டிக்கு வேக வரம்பு 55 மைல் என்பதையும் நினைவில் வையுங்கள், அங்கே கொடுக்கும் அபராதச் சீட்டில் டெக்சாஸ் நம்பர் பிளேட்டுக்குச் சலுகை கிடையாது. சட்டம் என்ன சொன்னாலும் 3,000 பவுண்டைத் தாண்டிய ட்ரெய்லரை பிரேக் இல்லாமல் நான் தொடமாட்டேன்.

எல்லாம் வாங்கியாகிவிட்டது. வரம்புக்குள் இருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எடை போட்டுத்தான். நெடுஞ்சாலை ஓரத்து ட்ரக் ஸ்டாப்களில் கேட் ஸ்கேல் என்ற எடை மேடை இருக்கும், 15 டாலர் அளவில் முடியும், உடனே மறுபடி போட்டால் இன்னும் குறைவு. மேடை மூன்று பலகையாக இருக்கும். முன்சக்கரம் ஒன்றில், பின்சக்கரம் ஒன்றில், ட்ரெய்லர் சக்கரம் மூன்றாவதில் நிற்க வேண்டும். பயணத்துக்குக் கிளம்பும் நாளன்று, ஆட்களும் சாமானும் தண்ணீரும் எல்லாம் ஏறிய பிறகு போங்கள்.

மூன்று முறை போடுவது நல்லது. முதலில் வெயிட் டிஸ்ட்ரிப்யூஷன் ஹிட்சில் எடையைப் பங்கிடும் கம்பிகளை மாட்டி, அடுத்து கம்பிகளைத் தளர்த்தி, கடைசியாக ட்ரெய்லரைக் கழற்றிவிட்டு ட்ரக் மட்டும். கம்பி தளர்த்தியபோது ட்ரக்கின் இரண்டு ஆக்சிலிலும் இருந்த எடையிலிருந்து ட்ரக் மட்டும் போட்ட எடையைக் கழித்தால் உண்மையான டங் வெயிட் வரும். கம்பி மாட்டியபோது வந்த ஆக்சில் எடைகளைக் கதவு ஸ்டிக்கருக்குப் பக்கத்தில் இருக்கும் ஆக்சில் வரம்புகளோடும் ட்ரக்கின் மொத்த வரம்போடும் ஒப்பிடுங்கள். ட்ரெய்லர் மாட்டியதும் முன் ஆக்சிலின் எடை நிறையக் குறைந்திருந்தால் ஸ்டியரிங் லேசாகிவிட்டது என்று அர்த்தம், கம்பியை ஒரு கண்ணி இறுக்கி மறுபடி மேடையில் ஏறுங்கள். பின்னால் பெரிய லாரிக்காரர்கள் காத்திருப்பார்கள், அவசரப்படுத்த மாட்டார்கள். முதல் தடவை நான் தப்பான பலகையில் நிறுத்தியபோது அதில் ஒருவர் இறங்கி வந்து கைகாட்டி நகர்த்திவிட்டார்.